பூமி கேட்காமல் வந்த கடல்

கெவாவைப் பற்றிப் பேச்செடுத்தால் முதலில் அவள் குரலைத்தான் சொல்ல வேண்டும். வைலேபுக் கரையில் நின்று அவள் தன் ஆட்டைக் கூப்பிட்டால், குடாவுக்கு அந்தப் பக்கத்து ஊர் ஆடுகளும் தலையைத் தூக்கிப் பார்க்கும் என்பார்கள். கொஞ்சம் கூட்டித்தான் சொன்னார்கள். ஆனால் ரொம்பக் கூட்டவில்லை. சுபானுக்கு அவளைப் பெண் கேட்டு வந்த அவன் மாமன், எங்கள் தீவில் மாப்பிள்ளை வீட்டார் பரிசமாகக் கொடுக்கும் யானைத் தந்தத்தை வாசலில் இறக்கி வைத்துவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். உள்ளே அவள் தம்பியைத் திட்டிக்கொண்டிருந்தாள். மாமன் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "தந்தம் குடுக்கிறது எங்க கடமை, சரி. மாப்பிள்ளை காதுக்குப் பஞ்சு நீங்கதானே குடுக்கணும்?" என்றாராம். ஊர் அதைப் பல வருஷம் சொல்லிச் சிரித்தது. கெவாவும் சேர்ந்துதான் சிரித்தாள்.

சிரிப்புக்கு மட்டுமில்லை, அந்தக் குரலுக்கு ஊரில் ஒரு வேலையும் இருந்தது. எங்கள் தீவில் நிலம் நடுங்கினால் யாரும் வாயை மூடிக்கொண்டு இருக்கக் கூடாது. பூமியைத் தோளில் தாங்கிக்கொண்டு கீழே கிடப்பவன் அவ்வப்போது தூங்கிப்போவான். விழித்ததும், மேலே இன்னும் ஆட்கள் இருக்கிறார்களா, இல்லை எல்லாரும் போய்ச் சேர்ந்துவிட்டார்களா என்று தெரியாமல் தோளை ஒரு தடவை குலுக்கிப் பார்ப்பான். அப்போது நின்ற இடத்தில் நின்று, உரலையோ வீட்டுத் தூணையோ கையில் கிடைத்ததையோ தட்டி, "நாங்க இருக்கோம்! நாங்க இருக்கோம்!" என்று கத்த வேண்டும். பதில் வராவிட்டால், யாரும் இல்லை போலிருக்கிறது என்று அவன் புரண்டு படுத்துவிடுவான். கோயிலில் பாதிரியார் சிலுவை போட்டால் போதும் என்றார். சிலுவையும் போட்டார்கள், கத்தவும் கத்தினார்கள். வைலேபுவில் முதல் குரல் எப்போதும் கெவாவுடையது. அவள் எடுத்துக் கொடுப்பாள், ஊர் வாங்கிக்கொள்ளும்.

இதில் அவளுக்கு இருந்த நம்பிக்கைக்குக் காரணமும் இருந்தது. அவளுக்கு ஏழு வயதில் ஒரு பெரிய நடுக்கம். கோழிக் கூண்டு கவிழ்ந்தது, தென்னை மரங்கள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டன. அவள் அப்பா அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு, நடுக்கம் நிற்கிறவரை நின்ற இடத்திலேயே கத்தினார். நின்ற பிறகு கடலைப் பார்த்தார். கடல் பின்வாங்கிப் போயிருந்தது. பவளப்பாறையில் மீன்கள் துடித்தன. ஒருவரும் மீன் பொறுக்கப் போகவில்லை. எல்லாரும் ஏறினார்கள். ஒரு பானைச் சோளம் வேகிற நேரம் கழித்துக் கடல் வந்து நாலு வீட்டையும் ஒரு பன்றியையும் கொண்டுபோயிற்று. மனுஷர் ஒருவர் சாகவில்லை. "அவன் கேட்டான், நாம சொன்னோம், அப்புறம் ஏறினோம். அவ்வளவுதான் கணக்கு" என்று அப்பா சொன்னதை அவள் சாமி வாக்கு மாதிரி பிடித்துக்கொண்டாள். அந்த வரிசை மாறக் கூடும் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. பிற்பாடு ஒருவர் சொன்னார், அப்போது அவள் கேட்கவில்லை.

கெவா உப்புக் காய்ச்சுகிறவள். கரையோரம் மூன்று அடுப்பு, மூன்று அகலமான தகரத் தட்டு. உப்பு மண்ணில் கடல் தண்ணீரை வடித்து, அதைத் தட்டில் ஊற்றி, நாள் முழுக்க விறகு தள்ளுவாள். கண்ணெல்லாம் சிவந்து கிடக்கும். சனிக்கிழமை சந்தையில் மலைக்காரர்கள் சோளமும் வாழையும் மரவள்ளியும் கொண்டு வருவார்கள். கரைக்காரர்கள் உப்பும் மீனும் வைத்திருப்பார்கள். காசு பேச்சே இல்லை, பொருளுக்குப் பொருள். மலையில் சோளம் எவ்வளவு விளைந்தாலும் உப்புக்குக் கீழேதான் இறங்கி வந்தாக வேண்டும் என்பதில் அவளுக்கு ஒரு கர்வம் இருந்தது. அவள் கட்டிக்கொண்டதும் மலைக்காரனைத்தான். சுபான் அதிகம் பேசாத மனுஷன். பனையேறிக் கள் இறக்குவான், தோணியில் யாராவது கூப்பிட்டால் மீனுக்குப் போவான். இரண்டு பேருக்கும் சேர்த்து அவளே பேசிக்கொண்டாள்.

ஒரே மகள், பரெக். இரண்டு பிள்ளைகளை மண்ணில் வைத்த பிறகு பிறந்தவள். ஒன்பது வயதில் சோளம் தட்டப் பழகிக்கொண்டிருந்தாள். சட்டியிலிருந்து சுடச்சுட எடுத்த சோளத்தைக் கல்லில் வைத்து இன்னொரு கல்லால் ஒரே அடியில் அவலாக்க வேண்டும், சூடு ஆறினால் தெறித்துவிடும். விரல் நுனியெல்லாம் கொப்புளம். முகம் சுபான் மாதிரி, குரல் மட்டும் அப்படியே அம்மா. "இன்னொண்ணு வந்துருச்சுடா சாமி!" என்று அக்கம்பக்கம் காதைப் பொத்திக்கொள்ளும். சின்ன நடுக்கம் வந்தாலும் கெவா அவளை இழுத்து அடுப்புக் கல்லைத் தட்ட வைப்பாள். "ஓடாதடி. நின்னு சொல்லு. பயந்த பிள்ளைன்னு அவனுக்குத் தெரியக் கூடாது, இருக்கிற பிள்ளைன்னு தெரியணும்." பரெக் கண்ணை மூடிக்கொண்டு கத்துவாள். நன்றாகவே கத்துவாள்.

குடாவின் மேற்கு மூலையில் மோருக் குன்று. கடலைப் பார்த்த பக்கம் செங்குத்து, அடியில் வெந்நீர் ஊற்றுகள், ஆவி எப்போதும் புகைந்துகொண்டிருக்கும். எழுபதுகளின் கடைசியில் ஒரு மழைக்காலத்துக்குப் பிறகு அதன் முதுகில் விரிசல் விட்டது. ஆடு மேய்க்கப் போனவர்கள் வந்து சொன்னார்கள். ஊற்றுகள் சேறாக வந்தன. அரசாங்கத்தில் எரிமலைகளைப் பார்க்கிற ஓர் அதிகாரி ஜாவாவிலிருந்து வந்தார். ஹர்யோனோ என்று பேர், ஒல்லியான ஆள், கண்ணாடி வியர்வையில் மூக்கை விட்டு இறங்கிக்கொண்டே இருக்கும். நாலு நாள் குன்றில் ஏறி இறங்கிவிட்டு, சந்தைத் திடலில் ஊரைக் கூட்டினார்.

"இந்தக் குன்று உள்ளுக்குள்ள வெந்து போயிருக்கு. கீழ கடல் அரிக்குது, உள்ள ஆவி அரிக்குது. ஒரு நாள் பாதிக் குன்று அப்படியே கடலுக்குள்ள இறங்கும். இறங்கினா கடல் உங்க ஊருக்குள்ள வரும்" என்றார்.

ஊர்த்தலைவர் கீயா வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு கேட்டார். "நிலம் நடுங்காமலா?"

"நடுங்காமலே வரும் ஐயா. கடலுக்கு யாராவது ஒரு தள்ளு குடுத்தா போதும். நிலநடுக்கம் தள்ளினாலும் வரும், மலை சரிஞ்சு தள்ளினாலும் வரும், கடலுக்கு அடியில எரிமலை வெடிச்சாலும் வரும். குளிர் நாட்டுல பனிக்கட்டி உடைஞ்சு விழுந்துகூட வந்திருக்கு. யாரு தள்ளினாங்கன்னு தண்ணி பாக்காது."

"நிலம் கேக்காம கடல் எப்படிய்யா வரும்?" இது கெவா. பின் வரிசையில் உட்கார்ந்திருந்தாலும் அவர் திடுக்கிட்டுத்தான் திரும்பினார்.

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். சந்தைக்குப் பக்கத்திலேயே அவளுடைய உப்புத் தட்டு, விளிம்புவரை தண்ணீரோடு இருந்தது. ஒரு சோளக்கல்லை எடுத்து அதன் ஓரத்தில் தொப்பென்று போட்டார். தண்ணீர் எதிர்ப்பக்கம் எழும்பி, கெவாவின் கைலியில் பாதியை நனைத்தது.

"இப்படித்தான்மா வரும். தட்டு ஆடினதா? ஆடல. ஆனா தண்ணி வந்துச்சு."

"வந்துச்சு, வந்துச்சு! அரை நாளா வடிச்ச தண்ணிய்யா அது! ஜாவாவுல உங்க வீட்டுல போய்க் கல்லைப் போடறதுதானே?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. கீயாவே சிரித்துவிட்டார். அதிகாரியும் வேறு வழியில்லாமல் சிரித்தார். எனக்கு இன்றைக்கும் அந்தச் சிரிப்பை நினைத்தால் ஆத்திரமாக வருகிறது. அந்தத் தட்டில் எல்லாமே இருந்தது, எங்கள் மொத்தக் கதையும். சிரிப்பு அடங்கியதும் ஒருவர் கேட்டார், குன்று விழுந்தால் எவ்வளவு நேரம் இருக்கும் என்று. ஹர்யோனோ, கீயாவின் வெற்றிலைப் பையைக் காட்டினார். "ஒரு வெத்திலைய எடுத்து, சுண்ணாம்பு தடவி, மடிச்சு, வாயில போடற நேரம். அதுக்குள்ள ஓடணும்." ஊரை மேலே மாற்றுங்கள் என்று சொல்லிவிட்டு அவர் போனார்.

சில குடும்பங்கள் ஏறின. பல குடும்பங்கள் ஏறவில்லை. சுபான் நம்பினான். கூட்டத்தில் சிரிக்காதவன் அவன் ஒருவன். அதிகாரி அவனிடம் ஒரு வேலையும் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். விரிசலின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு முளை அடித்திருந்தது. வாரம் ஒரு தடவை இடைவெளியை அளக்க வேண்டும். சுபான் பனையோலை நறுக்கு ஒன்றை நீளமாக எடுத்து, ஒவ்வொரு வாரமும் இடைவெளி எதுவரை வருகிறதோ அங்கே ஒரு முடிச்சுப் போட்டான். முதல் மாதம் முடிச்சுக்கும் முடிச்சுக்கும் நடுவில் ஒரு விரல். அடுத்த மாதம் இரண்டு விரல். அன்றைக்கே அவன் வீட்டுச் சாமான்களைக் கட்டினான். கெவா எதிர்த்துப் பேசித் தோற்றது அவள் வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான். மேட்டுக்கொல்லையில் அவன் தங்கை தூத்தோவின் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு குடிசை போட்டுக்கொண்டார்கள்.

மேட்டில் தண்ணீர் கிடையாது. அரை மணி நேரம் சுமக்க வேண்டும். உப்பு அடுப்பும் கிடையாது. அதுதான் அவளை அரித்தது. ஒரு நாள் கூழுக்கு உப்பு இல்லாமல் தூத்தோ வீட்டு வாசலில் போய் நின்றாள். தூத்தோ ஒரு சிட்டிகை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்து, "பாத்துப் போடுங்க அண்ணி. மலையில உப்பு விளையாது. கீழ யாரோ ஒரு புண்ணியவதி காய்ச்சிக் குடுத்துக்கிட்டு இருந்தா, அவளும் இப்ப மேல வந்து குந்திக்கிட்டா" என்றாள். கேலியாகத்தான் சொன்னாள். ஆனால் கெவாவுக்குச் சுருக்கென்று தைத்தது. அந்த உப்பை அவள் கூழில் போடவே இல்லை.

வெயில் காலம் வந்தது. மண் காய்ந்தது. சுபானின் ஓலையில் முடிச்சுகள் நெருங்கி வந்தன. பிறகு ஒன்றின் மேல் ஒன்றாக விழுந்தன. மூன்று வாரம், ஐந்து வாரம், ஏழு வாரம். விரிசல் ஒரு மயிரிழை அகலவில்லை.

"நின்னு போச்சு. நீயே அளந்து பாத்துட்டே. இன்னும் என்ன?" என்றாள் கெவா.

"நின்னிருக்கு. நின்னு போச்சுன்னு சொல்ல முடியாது."

"அப்ப நான் சாகிறவரைக்கும் உன் தங்கச்சி வாசல்ல உப்புப் பிச்சை எடுக்கணுமா?"

"தூத்தோ சும்மா விளையாட்டுக்குச் சொன்னா, பரெக்கம்மா."

"எனக்கு விளையாட்டு இல்ல. இங்க பாரு, பரெக்கப்பா. நான் பிறந்த கரை அது. கடல் வந்ததை நான் கண்ணால பாத்தவ, நீ பாக்கல. கேக்காம அது வராது. கேட்டா நான் பதில் சொல்றேன், மகளைத் தூக்கிட்டு ஏறுறேன். எனக்குத் தெரியாததா அந்தக் கண்ணாடிக்காரனுக்குத் தெரிஞ்சு போச்சு?"

சுபான் ஓலையை விரலில் சுற்றிச் சுற்றிப் பிரித்தான். "மகளை மட்டும் இங்க விட்டுட்டுப் போவோமா?" என்றான்.

"என் மகளை நான் யாரு வாசல்லயும் விட மாட்டேன்."

மறுநாள் மூன்று பேரும் கீழே இறங்கினார்கள். பரெக்குக்கு ஒரே கொண்டாட்டம், வழியெல்லாம் குதித்துக்கொண்டு போனாள்.

இறங்கிப் பதினோராவது நாள். வெள்ளிக்கிழமை காலை. மறுநாள் சந்தை, ஆனால் வீட்டில் விறகு தீரும் நிலையில் இருந்தது. மேட்டுக்கொல்லையில் விட்டுவந்த விறகை எடுத்துவரக் கெவா கிளம்பினாள். கூடையின் பிடி அறுந்திருந்தது. கூரையில் செருகியிருந்த முடிச்சு ஓலை கண்ணில் பட்டது. அளவு நின்று போன ஓலைதானே என்று அதை உருவி, பிடிக்குச் சுற்றிக் கட்டிக்கொண்டாள். சுபான் பார்த்தான். மிச்சமிருந்த நாலு கட்டையை அடுப்பில் தள்ளப் போய்விட்டான்.

"அம்மா, நானும் வர்றேன்!"

"நீ வந்தா நாலு விறகு கூடுமா? சும்மா கிட. அப்பா கூட இருந்து அடுப்பைப் பாரு. அடி பிடிச்சா உரிச்சுப் போட்டுருவேன்."

இதுதான் அவள் மகளிடம் கடைசியாகச் சொன்னது. இதை அவளே எங்களிடம் சொன்னாள், ஒரே ஒரு தடவை. உரிச்சுப் போட்டுருவேன்!

கால் மணி நேரம் ஏறினால் ஒரு புளியமரத் திருப்பம் வரும். அங்கிருந்து பார்த்தால் வைலேபுவின் கூரைகள் எல்லாம் காலடியில் தெரியும். கீழே யாராவது கத்திப் பேசினால் வார்த்தைகூட விளங்கும். அங்கே கூடையை இறக்கி மூச்சு வாங்கியபோது அந்தச் சத்தம் வந்தது. வானத்தில் இடி உருண்டு உருண்டு நிற்காமல் போனது போல ஒரு முழக்கம். குன்று இருந்த பக்கத்தைக் கிளை மறைத்திருந்தது. அவள் யோசிக்கவில்லை. நாற்பது வருஷப் பழக்கம் யோசிக்க விடாது. கையிலிருந்த அரிவாளால் புளியமரத்தை ஓங்கித் தட்டி, வயிற்றிலிருந்து எடுத்துக் கத்தினாள்.

"நாங்க இருக்கோம்!"

கீழே ஊர் வாங்கிக்கொண்டது. எப்போதும் போல. உரல்கள் தட்டப்பட்டன, தோணிகள் தட்டப்பட்டன, தகரத் தட்டுகள் தட்டப்பட்டன. "நாங்க இருக்கோம்! நாங்க இருக்கோம்!" அதற்கு நடுவில் ஒரு குரல் தனியாக மேலே ஏறி வந்தது, ஒன்பது வயசுக் குரல், அவளுடையதே மாதிரி. "நாங்க இருக்கோம்!"

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. காலடியில் மண் அசையவில்லை. ஒரு புளியிலைகூட உதிரவில்லை. கூடை வைத்த இடத்தில் அப்படியே இருந்தது. அவள் இரண்டு எட்டு முன்னால் போய்க் கிளையை விலக்கிப் பார்த்தாள். மோருக் குன்றின் பாதியைக் காணவில்லை. இருந்த இடத்தில் மஞ்சள் புழுதியும் ஆவியும். அதற்குக் கீழே குடாவின் தண்ணீர் முழுசாக எழுந்து நின்றது. பின்வாங்கவில்லை, பவளப்பாறையைக் காட்டவில்லை. எழுந்தது, அப்படியே வந்தது.

"ஏறுங்க! ஏறுங்கடா! பரெக்கூ! ஏறுடி!"

தீவு முழுக்கக் கேட்கும் என்று கேலி செய்த குரல்தான். இருந்த பலமெல்லாம் சேர்த்துத்தான் கத்தினாள். ஆனால் கீழே இருநூறு பேர் கத்திக்கொண்டும் தட்டிக்கொண்டும் இருந்தார்கள். அவள்தான் எடுத்துக் கொடுத்தாள். அவர்கள் நின்ற இடத்திலேயே, கடலுக்குப் பாதி முதுகைக் காட்டிக்கொண்டு, பதில் சொல்லி முடித்துவிட்டுத்தான் திரும்பிப் பார்ப்பது என்று நல்ல பிள்ளைகளாக நின்றார்கள். உப்பு அடுப்புப் பக்கம் சின்னதாக ஓர் உருவம் இரண்டு கையாலும் தட்டை அடித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் பெரியதாக ஒன்று. பெரியது திடீரென்று சின்னதைத் தூக்கியது, ஓடத் தொடங்கியது. பத்து எட்டு ஓடியிருக்கும். அதற்கு மேல் அங்கே பார்க்க எதுவும் இல்லை, தண்ணீர்தான்.

ஊரில் ஒருவன் மட்டும் கரையிலிருந்து ஓடிப் பிழைத்தான். லேகா. பிறவிச் செவிடன். அவனுக்கு முழக்கமும் கேட்கவில்லை, கெவாவின் குரலும் கேட்கவில்லை. குன்று விழுவதைக் கண்ணால் பார்த்தான், பக்கத்தில் நின்றவனின் கையைப் பிடித்து இழுத்தான், அவன் உதறவும் தனியாக ஓடிவந்தான். புளியமரம்வரை வந்து, ஈரம்கூடப் படாத காலோடு கெவாவின் முன்னால் நின்றான். அவனைப் பார்த்தபோதுதான் அவளுக்கு விளங்கியது, நேரம் இருந்திருக்கிறது என்று. ஒரு வெற்றிலை மடிக்கிற நேரம். அதைத்தான் அவள் எடுத்துக்கொண்டுவிட்டாள்.

பரெக் கிடைக்கவில்லை. சுபானும் கிடைக்கவில்லை. மூன்று வாரம் அவள் கரையில் புரட்டாத மரமில்லை. கிடைத்தது ஒரு தகரத் தட்டு, இரண்டாக மடிந்து. ஹர்யோனோ திரும்ப வந்தார். நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டு போனவர் கெவாவைப் பார்த்ததும் நின்றார். "நான் இன்னும் நல்லா சொல்லியிருக்கணும்மா" என்றார்.

"நீங்க நல்லாத்தான் சொன்னீங்க. தட்டு ஆடல" என்றாள் அவள். குரலே எழவில்லை, பக்கத்தில் நின்றவர்களுக்கே பாதிதான் கேட்டது. அதற்கப்புறம் எப்போதும் அப்படித்தான்.

முன்பே மேட்டுக்கு ஏறியிருந்த எங்களையும் மிச்சமிருந்தவர்களையும் தீவின் வடக்குப் பக்கம் குடியமர்த்தினார்கள். காய்ந்த மண், தூரத்துக் கடல், பின்னால் ஒரு மொட்டை மேடு. தூத்தோவும் புருஷனும் அங்கேயே வந்துவிட்டார்கள், கெவாவை விட்டு இருக்க முடியாமல். தூத்தோ ஒரு நாள் அவள் காலைக் கட்டிக்கொண்டு அழுதாளாம். "அந்த உப்புப் பேச்சை நான் பேசாம இருந்திருந்தா..." கெவா அவள் தலையைத் தடவிக் கொடுத்தாள். "உன் உப்பு இல்லடி. என் வாய்" என்று மட்டும் சொன்னாள். எத்தனையோ பேர் சொல்லிப் பார்த்தோம், நீ கத்தினாலும் கத்தாட்டியும் ஊர் நின்று கத்தித்தான் இருக்கும், அது ஊர் வழக்கம், உன் தப்பில்லை என்று. அவள் கேட்டுக்கொள்வாள். கூடையில் கட்டிய முடிச்சு ஓலையை எடுத்து விரலில் சுற்றுவாள், பிரிப்பாள்.

இருபத்து மூன்று வருஷம். எங்கள் தீவில் நடுக்கத்துக்குப் பஞ்சமில்லை. ஒவ்வொரு தடவையும் புது ஊர் நின்று தட்டிக் கத்தும். கெவா மட்டும் வாயைத் திறக்க மாட்டாள். அடுப்பில் இருப்பது அடுப்பில் இருக்க, எழுந்து, ஒருத்தரையும் பார்க்காமல் பின்பக்க மேட்டில் ஏறிப் போய் உட்கார்ந்துகொள்வாள். இடி இடித்தாலும் ஏறுவாள். கல் உடைக்கிறவர்கள் வெடி வைத்தாலும் ஏறுவாள். புதிதாக வந்த மருமகள்கள் சிரித்தார்கள். "கிழவிக்குக் கால்ல சக்கரம்" என்றார்கள். நாங்கள் யாரும் சிரிக்கவில்லை. சிரித்தவர்களுக்குக் கதை சொல்லவும் இல்லை, வாய் வரவில்லை.

கடைசி மூன்று மாதம் அவள் எழவில்லை. நெஞ்சில் சளி கட்டி, தண்ணீர் கேட்கக்கூடக் கையைத்தான் ஆட்டினாள். தூத்தோதான் எல்லாம் பார்த்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயிலிலிருந்து சனங்கள் திரும்பிக்கொண்டிருந்த காலையில், நிலம் நடுங்கியது. பெரிதில்லை; பானைகள் கிணுகிணுத்தன. தெருவில் எல்லாரும் நின்றார்கள். யாரோ ஒரு வேலியைத் தட்டி எடுத்துக் கொடுத்தார்கள், "நாங்க இருக்கோம்!" ஊர் வாங்க வாய் திறந்தது.

அதற்குள் தூத்தோ வீட்டுக்குள்ளிருந்து அந்தக் குரல் வந்தது. இருபத்து மூன்று வருஷம் கேட்காத குரல். சுவரெல்லாம் தாண்டித் தெரு முழுக்க வந்தது.

"ஏறுடி! பரெக்கூ, ஏறு! நிக்காத! கத்தினது போதும்டி, கத்தாத, ஏறு! மகளே, ஏறு!"

வேலியைத் தட்டிய கை நின்றது. பழைய ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். முதலில் லேகாதான் நடந்தான். அவனுக்குக் குரல் கேட்கவில்லை, எங்கள் முகத்தைப் பார்த்தே விளங்கிக்கொண்டான். அப்புறம் நாங்கள். அப்புறம் முன்பு சிரித்த மருமகள்கள், கைக்குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு, இப்போது சிரிக்காமல். யாரும் தட்டவில்லை, கத்தவில்லை. மொத்த ஊரும் மேட்டில் ஏறியது. கடல் அன்றைக்கு வரவில்லை.

தூத்தோ மட்டும் ஏறவில்லை. கட்டில் பக்கத்தில் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கெவாவின் கண் கூரையைப் பார்த்தபடி இருந்தது. மூச்சு இழுத்து இழுத்து வந்தது.

"ஏறிட்டாளா?" என்றாள்.

"ஏறிட்டா அண்ணி" என்றாள் தூத்தோ. "அண்ணன் தூக்கிட்டு ஏறிட்டாரு. ரெண்டு பேரும் புளியமரத்தடியில நிக்கிறாங்க. கால்ல ஈரம்கூடப் படல."

கெவா சரி என்பது போல அவள் கையை ஒரு தடவை அழுத்தினாள். நாங்கள் மேட்டிலிருந்து இறங்கி வந்தபோது தூத்தோ வாசலில் நின்று அழுதுகொண்டிருந்தாள்.